நீட் மார்க் கம்மி, கட் ஆஃப் 184.5, அப்பா வேணாங்கறார்: கால்நடை மருத்துவத்துக்கு அப்ளை பண்ணலாமா?

தங்கச்சி, நீ கேட்டதை முதல்ல சுருக்கமா எழுதிடறேன், இதே குழப்பத்துல இருக்கற மத்த புள்ளைங்களுக்கும் ஆகும். நீ கோட்டூர் பக்கம், பயாலஜி மேத்ஸ் குரூப், பிளஸ் டூவுல பயாலஜி 95, பிசிக்ஸ் 88, கெமிஸ்ட்ரி 91. நீட் எழுதின, எம்பிபிஎஸ் கிடைக்கற மார்க் வரல. அப்பாயி வளர்க்கற மாடு கன்னோடயே வளந்த புள்ள, மாட்டாஸ்பத்திரி டாக்டர் ஆகணும்னு ஆசை, அப்பா "பொம்பளப்புள்ளைக்கு எதுக்கு மாட்டு வைத்தியம், பேசாம நர்சிங் சேரு"ங்கறார். நீட் மார்க் இல்லாம சேர முடியுமா, இந்த மார்க்குக்கு கிடைக்குமா, பொண்ணுங்களால அந்த வேலை முடியுமா, படிச்சா வேலை உண்டா, இதான் கேள்வி. நானும் திருவாரூர் மாவட்டத்துக்காரிதான், இந்தப் படிப்பு படிச்சு இப்ப டெல்டாவுலயே கால்நடை மருந்தகத்துல வேலை பாக்கறேன், அதனால ஒண்ணு விடாம சொல்றேன், பதில் நீளமா இருக்கும் பொறுமையா படி.

அப்ளை பண்ணு. யோசிக்கவே வேணாம். தமிழ்நாட்டுல பி.வி.எஸ்சி அண்டு ஏ.எச், அதாவது கால்நடை மருத்துவ டிகிரி படிப்புக்கு மாநில ஒதுக்கீட்டு சீட் முழுக்க பிளஸ் டூ மார்க் வச்சுதான், நீட் தேவையே இல்ல. இது தெரியாமலேயே நீட் போச்சுன்னு அழுதுட்டு வேற எதுலயோ சேந்துட்டு ஆகஸ்ட்ல வந்து "அக்கா இப்ப அப்ளை பண்ணலாமா"ன்னு கேக்கற புள்ளைங்க வருஷா வருஷம் இருக்காங்க, அப்ப கதவு சாத்திருக்கும். நீட் வேண்டியது அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு மட்டும், அது 15 சதவீதம், அதுக்கு இந்திய கால்நடை மருத்துவ கவுன்சில் தனியா கவுன்சிலிங் நடத்துது, தனியா ரெஜிஸ்டர் பண்ணணும். நீ நீட்ல குவாலிஃபை ஆகிருந்தா அதையும் ஒரு பக்கம் போட்டு வை, ஆனா உன் மார்க்குக்கு அதுல பெரிய எதிர்பார்ப்பு வச்சுக்காத, உனக்கான வழி மாநில ஒதுக்கீடுதான்.

கட் ஆஃப் நீ போட்ட கணக்கு சரிதான். 200-க்கு கணக்கு, பயாலஜி மார்க் அப்படியே 100-க்கு, பிசிக்ஸ் கெமிஸ்ட்ரி ரெண்டும் பாதி பாதியா சேத்து 100-க்கு. உனக்கு 95, அதோட 44, 45.5, ஆக 184.5. உன்கூட படிச்ச புள்ளைங்க யாராவது பாட்டனி ஜூவாலஜின்னு தனித்தனியா எடுத்திருந்தா அந்த ரெண்டையும் சேத்து 100-க்கு கொண்டு வருவாங்க. கம்ப்யூட்டர் சயின்ஸ் மேத்ஸ் எடுத்து பயாலஜியே படிக்காதவங்களுக்கு இந்தப் படிப்பு கிடையாது.

இப்ப 184.5-க்கு கிடைக்குமாங்கற கேள்வி. 2023, 2024 வாக்குல ஏழு காலேஜும் சேத்து 660 இடம், அதுல அகில இந்திய ஒதுக்கீடு போக மீதி மாநிலத்துக்கு. அப்ளை பண்றவங்க பல ஆயிரம் பேரு. பொதுப்பிரிவுல 190-ஐ தாண்டி நல்லா மேல இருந்தாதான் உறுதியா சொல்ல முடியும், அதனால பொதுப்பிரிவுல உனக்கு கஷ்டம்னு நேராவே சொல்லிடறேன். ஆனா நீ எந்த பிரிவுன்னு எழுதல. பிசி, எம்பிசி, எஸ்சி, எஸ்சிஏ, எஸ்டி ஒவ்வொண்ணுக்கும் தனி ரேங்க், ஒவ்வொண்ணுலயும் கடைசி மார்க் வேற வேற இடத்துல நிக்கும், வருஷத்துக்கு வருஷமும் மாறும், போன வருஷ மார்க்கைப் பாத்து இந்த வருஷம் கிடைக்காதுன்னு நீயா முடிவு பண்ணிடாத.

அதைவிட முக்கியமான ஒரு விஷயத்தை நீ சொல்லவே இல்ல. ஆறாவதுலேர்ந்து பன்னெண்டாவது வரைக்கும் எங்க படிச்ச? அத்தனை வருஷமும் அரசுப்பள்ளியா இருந்தா உனக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கு. எம்பிபிஎஸ்க்கு 2020-ல வந்துச்சு, 2021-ல சட்டம் போட்டு இன்ஜினியரிங், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம்னு மத்த தொழிற்படிப்புக்கும் கொண்டு வந்தாங்க. நம்ம படிப்புல அது கிட்டத்தட்ட 45 இடம். அதுல போட்டி அரசுப்பள்ளி புள்ளைங்களுக்குள்ளதான், கட் ஆஃப் நல்லா இறங்கும், அதுல சேந்தா படிப்புக் கட்டணம் ஹாஸ்டல் கட்டணத்தையும் அரசாங்கமே ஏத்துக்குது. அப்பா செலவை நெனச்சு தயங்கறாருன்னா இதை முதல்ல காதுல போடு.

ஆனா இதுல நம்ம ஊர் புள்ளைங்க ஏமாந்து போற இடம் ஒண்ணு இருக்கு. மன்னார்குடி, கும்பகோணம், தஞ்சாவூர்னு நம்ம பக்கத்துல பேரு வாங்குன பழைய ஸ்கூல்ல நிறைய அரசு உதவி பெறும் ஸ்கூல். அங்க ஃபீஸ் கம்மி, புத்தகம் இலவசம், லேப்டாப் குடுத்தாங்க, அதனால நம்மளும் அரசுப்பள்ளிதானேன்னு நெனச்சு அப்ளிகேஷன்ல அந்த ஒதுக்கீட்டுக் கட்டத்துல டிக் அடிச்சுடறாங்க. எய்டட் கணக்குல வராது. சான்றிதழ் சரிபார்க்கறப்ப அந்த ஒதுக்கீட்டுலேர்ந்து தூக்கிடுவாங்க, ஒரு வருஷம் மட்டும் எய்டட்ல படிச்சிருந்தாலும் இதே கதைதான். ஆர்.டி.இ-ல, அதாவது இலவசக் கட்டாயக் கல்விச் சட்டத்துல எட்டாவது வரைக்கும் தனியார் ஸ்கூல்ல படிச்சுட்டு ஒம்பதாவதுலேர்ந்து அரசுப்பள்ளிக்கு வந்தவங்களுக்கு மட்டும் வழி உண்டு. அதனால ஹெட்மாஸ்டர்கிட்ட போயி ஆறுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் வருஷ வாரியா எந்த ஸ்கூல்னு போனஃபைட், அதாவது அங்க படிச்சதுக்கான சான்றிதழ் வாங்கு, ஒண்ணுக்கு மேல ஸ்கூல் மாறியிருந்தா ஒவ்வொரு ஸ்கூல்லயும் வாங்கணும், ஸ்கூல்ல ஒவ்வொரு புள்ளைக்கும் குடுக்கற எமிஸ் நம்பரும் சரியா இருக்கான்னு பாத்துக்க.

சர்டிபிகேட் விஷயம் பேசறப்பவே முழுசா சொல்லிடறேன், மார்க் இருந்தும் பேப்பர்னால சீட்டு போறதுதான் எனக்கு தாங்க முடியாத விஷயம். சாதிச் சான்றிதழ் ஆன்லைன்ல எடுத்ததா இருக்கட்டும், உன் பேரு இனிஷியல் பத்தாவது மார்க்‌ஷீட்ல எப்படி இருக்கோ அதே மாதிரி எல்லாத்துலயும் இருக்கணும். நம்ம வீடுகள்ல ஆதார்ல ஒரு மாதிரி, ரேஷன் கார்டுல ஒரு மாதிரி, ஸ்கூல்ல ஒரு மாதிரி எழுதியிருப்பாங்க, அப்பா பேரை இனிஷியலா ஒரு இடத்துல முழுசா ஒரு இடத்துல போட்டிருப்பாங்க, இதை இப்பவே உக்காந்து ஒண்ணுக்கொண்ணு வச்சுப் பாரு. முதல் பட்டதாரி சான்றிதழுக்கு இ-சேவை மையத்துல இன்னிக்கே மனு போட்டுடு, வி.ஏ.ஓ, ஆர்.ஐ, தாசில்தார்னு மூணு மேசை தாண்டி வரணும், அதுவும் ஜமாபந்தி நேரத்துல மாட்டுச்சுன்னா நாளாகும். உன் அண்ணன் யாராவது ஏற்கனவே டிகிரி முடிச்சிருந்தா அது உனக்கு கிடைக்காது. வருமானச் சான்றிதழ் ஸ்காலர்ஷிப்புக்கு ஆகும். தமிழ்நாட்டுக்கு வெளில கொஞ்சம் வருஷம் படிச்சிருந்தா பிறப்பிடச் சான்றிதழ் கேப்பாங்க, கோட்டூர்ல இருக்கற உனக்கு அது வேண்டிவராது, ஆனா காரைக்கால் பக்கம் இருக்கற புள்ளைங்க இதை படிச்சா கவனிங்க, நீங்க புதுச்சேரி யூனியன் பிரதேசம், உங்களுக்கு குரும்பாபேட்டுல இருக்கற ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு புதுச்சேரி அரசோட அட்மிஷன் அமைப்பான சென்டாக் வழியாதான் போகணும், அங்க நீட் மார்க் கேப்பாங்க. திருவாரூரும் காரைக்காலும் பக்கத்து பக்கத்து ஊரு, ரூல் மட்டும் வேற.

அப்ளிகேஷன் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தோட வெப்சைட்லதான், எல்லாரும் தனுவாஸ்னு சொல்றது அதைத்தான், சென்னை மாதவரம் பால்பண்ணைல ஹெட் ஆபீஸ், 1989-ல ஆரம்பிச்சது. பிளஸ் டூ ரிசல்ட்டை ஒட்டி அறிவிப்பு வரும். பிரவுசிங் சென்டர்ல குடுத்து "அண்ணே நீங்களே ஃபில் பண்ணிடுங்க"ன்னு உட்டுட்டு வராத. பக்கத்துல உக்காந்து ஒவ்வொரு கட்டமா நீயே பாத்து சப்மிட் பண்ணு, உன் போன் நம்பர் உன் மெயில் ஐடியதான் குடுக்கணும், சென்டர்காரர் நம்பரைக் குடுத்துட்டு அப்பறம் கவுன்சிலிங் மெசேஜ் வரலன்னு தவிச்ச புள்ளைங்கள எனக்குத் தெரியும். பி.டெக் படிப்புகளுக்கும் அங்கதான், கொடுவள்ளில ஃபுட் டெக்னாலஜி, டெய்ரி டெக்னாலஜி, ஓசூர்ல பவுல்ட்ரி டெக்னாலஜி, நாலு வருஷம், மேத்ஸ் படிச்சிருக்கறதால உனக்கு அதுக்கும் போட வழி இருக்கு. ப்ராஸ்பெக்டஸை முழுசா படி, அதை யாரும் படிக்கறதில்ல, பாதி சந்தேகத்துக்கு அதுலயே பதில் இருக்கும்.

ப்ரோக்கர் யாராவது சீட்டு வாங்கித் தர்றேன்னு அப்பாவை அணுகுனா நம்பவே நம்பாதீங்க. அரசுப் பல்கலைக்கழகம், ரேங்க் படி கவுன்சிலிங், நடுவுல பணத்தால உள்ள போற வழி கிடையாது. வெளி மாநிலத்துல தனியார் காலேஜ்ல சேக்கறேன்னு சொன்னா அந்த காலேஜ் கொடுக்கற பட்டத்தை இந்திய கால்நடை மருத்துவ கவுன்சில் அங்கீகரிச்சிருக்கான்னு முதல்ல பாக்கணும், 1984-ல வந்த கால்நடை மருத்துவ கவுன்சில் சட்டத்துப்படி அந்த பட்டியல்ல இருக்கற பட்டத்தை வச்சுதான் டாக்டரா ரெஜிஸ்டர் பண்ண முடியும், அது இல்லாம லட்சக்கணக்குல கட்டி படிச்சும் ஊசி போடற உரிமை வராது.

சரி, இப்ப அப்பா விஷயத்துக்கு வர்றேன். எனக்கு நிறைய சொல்லணும்னு இருக்கறது இதுலதான்.

எம்பிபிஎஸ் கிடைக்காதவங்க போற படிப்புன்னு இதை ஊருல பேசறாங்க, உன் கேள்வியிலயும் "நீட் போனதால இதுக்காவது"ன்னு ஒரு வார்த்தை வந்துடுச்சு. அந்த "இதுக்காவது"வை எடுத்துடு தங்கச்சி. அந்த எண்ணத்தோட வர்ற புள்ளைங்க ரெண்டாவது ரவுண்டுல எம்பிபிஎஸ் கிடைச்சா கெளம்பிடுவாங்க, கிடைக்கலன்னா அஞ்சரை வருஷமும் வேற எங்கேயோ இருக்க வேண்டியவங்க மாதிரி இருப்பாங்க. நாங்க படிச்சப்ப அனாடமி ஹால்ல முதல் நாளே அது தெரிஞ்சுது. நீ மாடு கன்னோட வளந்த புள்ள, இதுக்குன்னே வர்றவ, அதை அப்பாகிட்ட அப்படியே சொல்லு.

வேலை எப்படின்னு அவருக்கு காட்டணும்னா பால் காய்ச்சல் கேஸ் ஒண்ணைப் பத்தி சொல்லு. கார்த்திகை மழை அடிச்சுட்டு இருந்த சமயம், திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு வீட்டுல ஜெர்சி கலப்பு பசு, கன்னு போட்டு மறுநாள், நல்ல கறவை, படுத்தது எந்திரிக்கல. நான் போனப்ப கழுத்தை மடிச்சு விலாப்பக்கம் வச்சு படுத்திருக்கு, காது சில்லுனு இருக்கு, மூக்கு காஞ்சு போச்சு, வீட்டம்மா பக்கத்துல உக்காந்து மாட்டு மேல கையை வச்சுக்கிட்டு பேச்சே இல்லாம இருக்காங்க. கன்னு போட்ட ஒடனே பாலுக்குன்னு ரத்தத்துல இருக்கற சுண்ணாம்புச்சத்து நிறைய மடிக்கு இறங்கிடும், சதை நரம்பு வேலை செய்யாது, அதான் படுத்துடும், பேருலதான் காய்ச்சல், உடம்பு சூடே இருக்காது. கழுத்து நரம்புல கால்சியம் பாட்டிலை ஏத்தணும். இதுல வேகம் கூடாது, வேகமா விட்டா இதயம் நின்னுடும், ஒரு கையில பாட்டில ஏத்தி எறக்கி, இன்னொரு கையில ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சுல வச்சு துடிப்பைக் கேட்டுக்கிட்டே சொட்டு சொட்டா விடணும். பாதி பாட்டில் போனதும் விலாப்பக்கம் சதை நடுங்க ஆரம்பிச்சுது, அப்பறம் ஏப்பம் விட்டுச்சு, சாணி போட்டுச்சு, பாட்டில் முடிஞ்சு கொஞ்ச நேரத்துல முன்னங்காலை ஊனி தானா எந்திரிச்சு கன்னைத் தேடுச்சு. அந்த வீட்டுக்கு அந்த மாடுதான் ஆவின் சொசைட்டி காசு, அந்த காசுலதான் ஒரு புள்ள காலேஜ் போயிட்டு இருந்துச்சு.

இதுல எந்த இடத்துல ஆம்பளை பலம் வேண்டியிருந்துச்சு? வேண்டியது காதும் விரலும் பொறுமையும். கன்னு குறுக்கே மாட்டுனா இழுக்கணும்தான், ஆனா பலத்தால இழுத்தா மாடும் சாவும் கன்னும் சாவும், உள்ள கையை விட்டு காலும் தலையும் எந்தப் பக்கம் இருக்குன்னு தடவிப் பாத்து திருப்பி சரி பண்ணணும், அதுல எங்க மாதிரி மெல்லிசு கை இருக்கறவங்களுக்கு ஆட்டுக்குட்டி பிரசவத்துல எல்லாம் உண்மையாவே வசதி. இழுக்க வீட்டுக்காரங்க நாலு பேரு கயித்தைப் பிடிப்பாங்க. இப்ப கால்நடை மருத்துவக் காலேஜ் வகுப்புகள்ல பொண்ணுங்க நிறைய, டெல்டாவுல மருந்தகங்கள்ல பொம்பள டாக்டருங்க நிறைய பேரு இருக்கோம்.

கஷ்டமே இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். மாடு உதைக்கும். ராத்திரி போன் வரும். நஞ்சுக்கொடி எடுக்கறப்ப கையில முழுநீள உறை போடாம விட்டா புரூசெல்லோசிஸ்ங்கற தொத்துநோய் நமக்கே வரலாம். வாயில எச்சி ஒழுகுது, தொண்டையில என்னமோ மாட்டியிருக்குன்னு கொண்டு வர்ற மாடு வெறிநாய் கடிச்ச மாடா இருக்கும், உறையில்லாம வாய்க்குள்ள கையை விடவே கூடாது, அதனால படிக்கறப்பவே வெறிநோய்க்கு முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கணும். அப்பா பயப்படறது இதுக்குன்னா அது நியாயமான பயம், அதுக்கு பதில் பயிற்சியும் கவனமும், அதைத்தான் அஞ்சரை வருஷம் சொல்லித் தர்றாங்க.

படிப்பு நாலரை வருஷம், அப்பறம் ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப். முதல் வருஷம் அனாடமி, பிசியாலஜி, கால்நடைப் பண்ணை நிர்வாகம். அனாடமி மலைக்க வைக்கும், எம்பிபிஎஸ்ல மனுஷ உடம்பு ஒண்ணு, இங்க மாடு, ஆடு, குதிரை, பன்னி, நாய், கோழின்னு ஒவ்வொண்ணுலயும் எலும்பு வேற, வயிறு வேற. மாட்டுக்கு நாலு அறை வயிறு, குதிரைக்கு ஒண்ணுதான், அதனாலயே ரெண்டுக்கும் நோய் வர்ற விதமே மாறும், மருந்து அளவும் மாறும். நடுவுல கிருமி, நோய்க்குறி, புழு பூச்சி, மருந்தியல், தீவனம், மரபியல், பால் இறைச்சி சுகாதாரம், கடைசில மெடிசின், சர்ஜரி, சினை சம்பந்தமான பாடம். எல்லாம் இங்கிலீஷ்லதான். தமிழ் மீடியம் புள்ளைங்க முதல் ஆறு மாசம் திணறுவாங்க, அதுக்கப்பறம் வித்தியாசமே தெரியாது, நானும் தமிழ் மீடியம்தான். இப்ப லீவுலயே பிளஸ் டூ விலங்கியல் இங்கிலீஷ் மீடியம் புக்கை யாருகிட்டயாவது வாங்கி ஒரு தடவை வாசிச்சு வச்சுக்க.

எந்த காலேஜ்னு கேட்டிருக்க. ஏழு இருக்கு: சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு, சேலம் தலைவாசல், தேனி, உடுமலைப்பேட்டை. வேப்பேரி 1903-ல ஆரம்பிச்ச மெட்ராஸ் வெட்னரி காலேஜ், நாய் பூனை கேஸ் அங்க குவியும், சின்ன பிராணி மருத்துவம், சர்ஜரி ஆசை இருந்தா அது முதல்ல. நாமக்கல் 1985, கோழிப்பண்ணை ஊருக்கு நடுவுல இருக்கு, பவுல்ட்ரி கம்பெனி வேலைக்கு நல்ல இடம். நம்ம பக்கத்து ஒரத்தநாடு 2012-ல வந்துச்சு, தஞ்சாவூர் பட்டுக்கோட்டை ரோட்டுலதான், உனக்கு வாராவாரம் வீட்டுக்கு வந்து போகலாம், அப்பாவை சம்மதிக்க வைக்க இதுவே பாதி வேலையை முடிச்சுடும். மாடு, எருமை, ஆடுன்னு கிராமத்து கேஸ் வரும், நீ கடைசில இந்த மண்ணுலயே வேலை பாக்கறதுன்னா நல்லது. என் அபிப்பிராயம், ரேங்க் நல்லா இருந்தா வேப்பேரி, இல்லன்னா கண்ணை மூடிக்கிட்டு ஒரத்தநாடு. எந்த காலேஜ்ல படிச்சாலும் பட்டம் ஒண்ணுதான், சிலபஸ் ஒண்ணுதான், காலேஜ் பேருக்காக வந்த சீட்டை விட்டுடாத. சாய்ஸ் போடறப்ப ஏழையும் வரிசையா போடு, ரெண்டு மூணோட நிறுத்துன புள்ளைங்களுக்கு கீழ இருந்த சீட்டு அடுத்தவங்களுக்குப் போன கதை உண்டு.

முதல் ரவுண்டுல வரலன்னாலும் நம்பிக்கை விடாத. மெடிக்கல் கவுன்சிலிங் நடக்க நடக்க இங்க சேந்தவங்க சிலர் எம்பிபிஎஸ், பிடிஎஸ்னு போவாங்க, காலியான இடத்துக்கு அடுத்த ரவுண்டு கூப்பிடுவாங்க, ஓரத்துல நிக்கற மார்க்குக்கு பாதி சீட்டு அதுலதான் வருது. அது வரைக்கும் சும்மா உக்காந்திருக்காத. வேளாண் பல்கலைக்கழகத்துக்கும் மீன்வளப் பல்கலைக்கழகத்துக்கும் அப்ளை பண்ணி வை. ஈச்சங்கோட்டைல வேளாண் காலேஜ் இருக்கு, நாகப்பட்டினத்துல மீன்வளப் பல்கலைக்கழகமே இருக்கு, தலைஞாயிறுல அதோட காலேஜ் இருக்கு, எல்லாம் உனக்கு பக்கம். அதுல ஒண்ணுல சேந்திருந்து இங்க சீட்டு வந்தா மாறலாம், ஆனா டி.சி, ஒரிஜினல் எப்ப திருப்பித் தருவாங்க, கட்டுன பணம் என்ன ஆகும்னு சேரறப்பவே கேட்டுக்க. நர்சிங் நல்ல படிப்பு, அதைப் பத்தி நான் ஒரு வார்த்தை தப்பா சொல்ல மாட்டேன், ஆனா உனக்கு ஆசை இல்லாம அதுல போயி உக்காராத.

வேலை. அரசாங்கத்துல கால்நடை உதவி மருத்துவர் பதவி டி.என்.பி.எஸ்.சி மூலமா. 2019 கடைசில 1141 இடத்துக்கு அறிவிப்பு வந்துச்சு, அப்பறம் வருஷக்கணக்குல பெரிய இடைவெளி, அந்த இடைவெளில படிச்சு முடிச்சவங்க ரொம்ப கஷ்டப்பட்டாங்க. படிச்சு முடிச்ச மறுநாளே கவர்மெண்ட் வேலைன்னு யாராவது சொன்னா நம்பாத, அப்பாகிட்டயும் அப்படி சொல்லி சம்மதம் வாங்காத. ஆனா சும்மா உக்காரவும் மாட்ட. ஆவின், 1962-ன்னு போன் பண்ணா வர்ற கால்நடை ஆம்புலன்ஸ், பல்லடம் நாமக்கல் பக்கம் கோழிக் கம்பெனி, தீவன மருந்து கம்பெனி, பேங்க் விவசாய ஆபீசர், ராணுவத்துல மிருகங்களைப் பாத்துக்கற ரீமவுண்ட் வெட்னரி கோர், டவுன்ல சொந்த கிளினிக். மேல படிக்கணும்னா எம்.வி.எஸ்சி, ஐ.சி.ஏ.ஆர் எக்ஸாம் எழுதி இஸ்ஸத்நகர்ல இருக்கற ஐ.வி.ஆர்.ஐ, அதாவது இந்திய கால்நடை ஆராய்ச்சி நிலையம் வரைக்கும் போகலாம். இந்திய வனப்பணி பரீட்சைக்கும் இந்த டிகிரி செல்லும்.

நம்ம ஊருல இந்த வேலைக்கு எவ்வளவு தேவைன்னு வெளியூர்காரங்களுக்கு தெரியாது, நெல்லு விளையற ஊருன்னுதான் நெனைக்கறாங்க. அறுப்பு முடிஞ்சதும் வயல்ல ஆயிரக்கணக்குல வாத்து இறங்குது, கோடைல ராமநாதபுரம் பக்கத்துலேர்ந்து கீதாரிங்க, அதான் ஊர் ஊரா ஆடு மேய்க்கறவங்க, ஆட்டுக்கிடை ஓட்டிட்டு வர்றாங்க, அதுங்களோட ஆட்டுக்கொல்லி நோயும் வரலாம், உள்ளூர் ஆடுங்களுக்கு தடுப்பூசி போட்டிருக்கான்னு அதுக்கு முன்னாடியே பாக்கணும். 2013-ல கோமாரி டெல்டாவுக்குள்ள புகுந்தப்ப தொழுவம் தொழுவமா மாடு போச்சு, அப்ப தடுப்பூசி ஒழுங்கா போட்ட ஊருக்கும் போடாத ஊருக்கும் இருந்த வித்தியாசத்தை பெரியவங்க இன்னிக்கும் சொல்வாங்க. 2018 நவம்பர் 16 கஜா புயல் அடிச்சப்ப வேதாரண்யம் பக்கம் செத்த ஆடு மாடுகளைப் புதைக்கறதுலேர்ந்து, பொழைச்சதுங்களுக்கு காயம் கட்டி தீவனம் தேடறது வரைக்கும் கால்நடை டாக்டருங்கதான் ஊர் ஊரா நின்னாங்க.

உன் அப்பாயி வச்சிருக்கறது உம்பளச்சேரி இன மாடான்னு கேக்கணும்னு இருந்தேன். கோட்டூர் பக்கம்னா இருக்க வாய்ப்பு அதிகம். கன்னா பொறக்கறப்ப செவலையா இருந்து வளர வளர சாம்பலா மாறி நெத்தியில காலுல வெள்ளை விழும், சேத்து வயல்ல உழவுக்குன்னே இந்த மண்ணு உண்டாக்குன மாடு. டிராக்டர் வந்தப்பறம் எண்ணிக்கை குறைஞ்சுக்கிட்டே வருது. திருத்துறைப்பூண்டி பக்கத்துல கொருக்கைல இந்த இனத்துக்குன்னு அரசு பண்ணை இருக்கு, ஒரு நாள் அப்பாவையும் கூட்டிக்கிட்டு போயி பாரு, அங்க டாக்டருங்க என்ன செய்யறாங்கன்னு அவரு கண்ணால பாக்கட்டும், நீ வாயால சொல்றதைவிட அது நல்லா எடுபடும். அதோட உங்க ஊரு மாட்டாஸ்பத்திரிக்கு காலையில எட்டு மணி வாக்குல போயி டாக்டர்கிட்ட சொல்லிட்டு ரெண்டு மூணு நாள் ஓரமா நின்னு பாரு. சினை ஊசி போடறது, சினை பாக்கறது, கன்னுக்குட்டிக்கு குடற்புழு மருந்து ஊத்தறது, மடிநோய்க்கு மருந்து ஏத்தறது, எல்லாம் காலையிலதான் வரும். ரத்தம், சீழ், சாணி வாடை இதெல்லாம் உன்னால தாங்க முடியுதான்னு அங்கயே தெரிஞ்சுடும். தாங்க முடியலன்னா இப்ப தெரியறது நல்லது.

நீ ஒடனே எழுத வேண்டியது ரெண்டு: உன் கம்யூனிட்டி என்ன, ஆறாவதுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் எந்தெந்த ஸ்கூல். அது தெரிஞ்சா 184.5 எங்க நிக்கும்னு இன்னும் தெளிவா சொல்லலாம். அப்பா பேசணும்னு சொன்னாலும் சொல்லு, ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்கு மேல நான் வீட்டுலதான் இருப்பேன், அவருகிட்ட நானே பேசறேன்.